சிவப்பு நாய் ஒட்டிய கார்

கோவில்பட்டி
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முத்துசெல்வத்துக்கு அம்மா இசக்கியம்மாள் எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை ஐஸ்வர்யா மூன்று பேரும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு காரைப் பற்றி ஒரே மூச்சில் நாற்பது வரி எழுதுகிறவனுக்குக் காய்ச்சலோ தலைவலியோ இருக்க வாய்ப்பில்லை. போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறது அம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தீப்பெட்டி ஆபீஸ் பில் நோட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஐஸ்வர்யா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், தாள் பின்னால் பார்சலில் வரும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்வர்யா கல்யாணம் நின்றுவிட்டது. தை மாதம் நடக்க வேண்டியது, மண்டபம் வரைக்கும் பேசியாகிவிட்டது, நின்றுவிட்டது. அதில் உன் கையும் இருக்கிறது. உனக்குப் பேசி வைத்திருக்கிற சாத்தூர் சம்பந்தமும் இப்போது அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் காரணமும் கார்தான். அப்பா உன்னிடம் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருப்பார், நம்பாதே, ஜாதகம் பாவம் என்ன செய்தது.

எட்டயபுரம் ஜெயபாண்டி அண்ணாச்சி வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது நீ வீடியோவில் இருந்தாய், பாதியில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். சட்டப்படி வரதட்சணை கேட்கக் கூடாதாம், அதனால் அவர் எதுவும் கேட்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யுதீங்களோ செய்யுங்க, மாப்பிள்ளைப் பையனுக்குத்தான் சின்னதுல இருந்தே கார்னா ஒரு கிறுக்கு"ன்னு சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டார். கேட்காமல் கேட்பதற்கு நம் ஆட்களிடம்தான் படிக்க வேண்டும். உன் அப்பா அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து வெல்ட்ரோ கம்பெனி கார் நல்லதா ஏலே என்று கேட்டாரே, நீயும் உலகத்திலேயே கார் என்றால் அதுதான் என்றாயே, அந்தக் கேள்வி எதற்கு என்று இப்போது புரிகிறதா. மதுரைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு நூலில் தைத்த சீட்டு, பெரிய சக்கரம், பின்னால் நான்கு சைலன்சர் குழாய், வாசலில் நிறுத்தினால் தெருவே வந்து பார்த்தது. அதன் பெயர் ஸ்போர்ட் லைன் என்றார்கள். உன்னிடம் சொல்லவில்லை, ஊருக்கு வரும்போது பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தார். நானும் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

கரிசல் குதிரைசக்தி என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி இப்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நூற்றுப் பத்து பேர் இருக்கிறார்களாம், அதில் கார் வைத்திருப்பவர்கள் ஒன்பது பேராம், இது ஐஸ்வர்யா எண்ணிச் சொன்னது. மற்றவர்கள் எல்லாம் அந்தக் கார்கள் முன்னே மாதிரி இல்லை என்று வருத்தப்படுகிறார்களாம். முன்னே எப்படி இருந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஆறு சிலிண்டர் நாலு சிலிண்டராகிவிட்டது, ரேஸ் கம்பெனி குடும்ப வண்டி செய்ய இறங்கிவிட்டது, மானம் போய்விட்டது, பேட்டரி வண்டிக்குள் ஸ்பீக்கர் வைத்து உறும விடுகிறான், இப்படி ராத்திரி பகலாக ஒப்பாரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கிற பேச்சிராஜா மட்டும், "ஏலே, அந்தக் குடும்ப வண்டி விக்குற துட்டுலதாம்லே அவன் நீங்க கும்பிடுத ரேஸ் வண்டியவே செய்யுதான்" என்று எழுதினானாம். கையில் கிரீஸ் ஒட்டியவன் அவன் ஒருவன்தான், அவனை எல்லோருமாகச் சேர்ந்து வியாபாரி என்று திட்டி வாயடைத்துவிட்டீர்களாம். இதில் உன் பங்கு அதிகம் என்று கேள்விப்பட்டேன். நீயோ அங்கே ஆபீசுக்கு சைக்கிளிலும் ரயிலிலும் போகிறாய். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தவறியதை அந்த நூற்றுப் பத்து பேரிடம் சொன்னாயா?

நம் மாப்பிள்ளையாக வர இருந்த ஜெயபாண்டி அண்ணாச்சி மகன் மணிகண்டபிரபுவும் அந்தக் குழுவில்தான் இருந்திருக்கிறான். வண்டி வந்த மறுநாள் பார்க்க வந்தான். நம்பர் பிளேட் மாட்டாத பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்து, யாருடையது என்று சொல்லாமல், எப்படி இருக்கிறது என்று குழுவில் போட்டிருக்கிறான். அதற்கு நீ எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன். வெல்ட்ரோ செத்துப்போய்விட்டது என்று ஆரம்பித்திருந்தாய். ரேஸ் வண்டிக்கு மட்டும் வைக்கிற சிவப்பு நாய் முத்திரை இருந்தால்தான் அது நிஜ வெல்ட்ரோ, இது வெறும் லைன், உள்ளே இருப்பது மளிகை வாங்கப் போகிற இஞ்சின், நாலு குழாயில் இரண்டு பிளாஸ்டிக், இதைக் காசு கொடுத்து வாங்கியவன் ஏமாளி, இதை ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பவன் அவரை அவமானப்படுத்துகிறான் என்று வரிசையாக எழுதி, கடைசியில் சிரிக்கிற மூஞ்சி நாலு போட்டிருந்தாய். நம் அப்பாவின் வண்டி என்று தெரியாமல்தான் எழுதினாய், அதை நான் நம்புகிறேன். ஆனால் வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் அவர் அந்த நாலு மூஞ்சிக்குத் தகுதியானவர்தானா? அதை மட்டும் யோசித்துப் பார். ஜெயபாண்டி அண்ணாச்சி அதைத் தாளில் அச்செடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். உன் அப்பாவின் முன்னால் விரித்து வைத்து, "நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி, உங்க மகன்தான் சொல்லுதான், படிச்ச பையன், ஜெர்மனியில இருக்கான், அவன் சொன்னா சரியாத்தான இருக்கும்"னு சொன்னார். உன் அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டு முழுவதும் வாசித்தார். ஏமாளி என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார். எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு நீ அந்த ஊரில் இருந்தது உன் அதிர்ஷ்டம்.

இதற்குப் பிறகு உன் அப்பா செய்ததுதான் பெரிய கூத்து. முப்பத்தைந்து வருஷமாகத் தீப்பெட்டித் தொழில் செய்கிறவர், அவருக்கு இஞ்சின் புரியாது, லேபிள் புரியும். நம் ஆபீசிலேயே ஒரே மருந்து, ஒரே குச்சி, மயில் லேபிளில் அடைத்தால் ஒரு விலை, சூரியகாந்தி லேபிளில் அடைத்தால் ஒரு விலை. நல்ல பெயர் வாங்கிய லேபிளுக்குள் சுமார் சரக்கை அடைத்து வடக்கே அனுப்பினால் ஆறு மாதம் ஓடும், பிறகு லோடு திரும்பி வரும், இது எங்களுக்குத் தெரியாதா. நீங்கள் நூற்றுப் பத்து பேர் வருஷக் கணக்கில் கண்டுபிடித்ததை மருந்து முக்குகிற பொம்பளைகளிடம் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பார்கள். அதனால் உன் அப்பா என்ன நினைத்தார் என்றால், குறைவது நாய்தானே, நாயை ஒட்டிவிட்டால் போச்சு என்று நினைத்தார். அண்ணாச்சி கொண்டுவந்த தாளில் உன் மெசேஜோடு இருந்த நாய்ப் படத்தை எடுத்துக்கொண்டு நேரே சிவகாசிக்கு, நமக்கு வழக்கமாக லேபிள் அடிக்கிற அச்சகத்துக்குப் போய்விட்டார். அவர்கள் பத்தாயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டார்கள். இவரும் பழக்கதோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் இரண்டு பண்டல் வந்து இறங்கியது, பத்தாயிரம் சிவப்பு நாய், சிப்பிப்பாறை நாய் மாதிரி ஒடிசலாக, நாக்கைத் தொங்கப்போட்டு ஓடுகிறது. மினுமினுப்பாக நன்றாகத்தான் அடித்திருந்தார்கள்.

காருக்கு ஒன்று ஒட்டினார். கொஞ்சம் கோணலாகிவிட்டது என்று மேலே இன்னொன்று ஒட்டினார். மிச்சம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாயை என்ன செய்வது? ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் ஊரில் எங்கே திரும்பினாலும் நாய். நமக்குத் தண்ணீர் கொண்டுவருகிற தங்கச்சாமியின் டேங்கர் லாரியில் பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. கழுகுமலை மினி பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே ஒன்று. ஷேர் ஆட்டோ, பால் வண்டி, பக்கத்து வீட்டு செல்வமாரியின் மாவு கிரைண்டர், எல்லாம் வெல்ட்ரோ ஆகிவிட்டது. உங்கள் குழுவில் பெயரைக் கெடுத்துவிட்டான், தரம் தாழ்ந்துவிட்டது என்று கம்பெனிக்காரனைத் திட்டுகிறீர்களே, அந்தக் கம்பெனிக்காரன் இருபது வருஷமாகக் கஷ்டப்பட்டுச் செய்ததை உன் அப்பா ஒரே வாரத்தில் செய்து முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவர் மட்டும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் ஈரத் துணியால் அந்த நாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது.

போன ஞாயிறு நாய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஜெயபாண்டி அண்ணாச்சியும் மணிகண்டபிரபுவும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். வாசலில் தங்கச்சாமி தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். டேங்கரில் நாய், பக்கத்தில் நிற்கிற காரிலும் நாய். ஜெயபாண்டி அண்ணாச்சி முகம் கருத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளைப் பையன் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு வேறு வேலை இருந்தது. வெள்ளை வேஷ்டியோடு தரையில் முட்டி போட்டு, சைலன்சர் குழாய்க்குள் கையை விட்டு, "பாருங்க மாமா, ரெண்டு டம்மி, உள்ள அடைச்சிருக்கான்"னு உன் அப்பாவுக்குக் காட்டினான். பானட்டைத் திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். இஞ்சினை ஓட விட்டு நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டார்கள். அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனால் ஆடு குறுக்கே வருகிற ஊரில், அது நூறை எத்தனை நொடியில் தொடும் என்பதற்கு ஒன்றரை மணி நேரம் சண்டை. மூன்று மணி நேரம் இருந்தார்கள். ஐஸ்வர்யா இரண்டு தடவை காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள், அவள் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது தடவை போகும்போது டம்ளர் இல்லாமல் வெறும் கையோடு போனாள்.

அவள் சத்தம் போடவில்லை. அவனிடம், "நான் எங்க வேலை பாக்குதேன்னு தெரியுமா உங்களுக்கு"ன்னு கேட்டாள். அவன் முழித்தான். பேங்கா என்றான். மண் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள், பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னோம். "இந்த வண்டி டயர் அகலம் எத்தனைன்னு கேட்டா சொல்லுவீங்க"ன்னாள். அதற்கு அவன் அப்பாவித்தனமாக அளவைச் சொன்னான் தம்பி. ஐஸ்வர்யா உன் அப்பா கையில் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை வேண்டாம்ப்பா, காரு இருக்கட்டும், எனக்கு இது போதும்"னு சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நாலு பேரும் நகர்ந்து வழி விட வேண்டியிருந்தது. "ஏட்டி, ஏட்டி" என்று உன் அப்பா தெருமுனை வரைக்கும் ஓடினார். ஜெயபாண்டி அண்ணாச்சி வாயில் வந்ததை எல்லாம் பேசிவிட்டுப் போனார், அதை எழுத மாட்டேன். இப்போது தினமும் அந்த வண்டியில்தான் விளாத்திகுளம், குளத்தூர் பக்கம் போகிறாள், பின்னால் மண் பை பத்துப் பன்னிரண்டு கிடக்கிறது, சிவப்பு நூல் சீட்டெல்லாம் கரிசல் அப்பியிருக்கிறது. நன்றாக ஓடுகிறது என்கிறாள். ராத்திரி ஒரு நாள் அழுதாள். அவனுக்காக அழவில்லை அம்மா, மூன்று மணி நேரம் நின்றேனே அதுக்குத்தான் என்றாள்.

இனி உன் விஷயம். ஜெயபாண்டி வீட்டிலிருந்து ஏதாவது சேதி வந்திருக்கிறதா என்று பார்க்க நான் அப்பாவின் போனைத் திறந்தபோது நீ அவருக்குத் தனியாக அனுப்பியிருந்தது கண்ணில் பட்டது. குழுவில் நாற்பது வரி எழுதிய அதே நாள். சாத்தூரில் ஏதாவது கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று ஆரம்பித்திருந்தாய். என் பிள்ளை என்று ஒரு விநாடி பூரித்துப் போனேன். அடுத்த வரி, ரொம்ப வற்புறுத்தினால் மட்டும் சிவப்பு நாய் ஒரிஜினல், லைன் வேண்டாம், அது ஏமாற்று என்று இருந்தது. நான் உன் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று ஐஸ்வர்யாவைக் கூட்டிக்கொண்டு, அந்த வண்டியிலேயே, சாத்தூருக்குப் போனேன். உனக்குப் பேசியிருக்கிற சுதாராணியின் அம்மா வெள்ளந்தியான மனுஷி. "மதினி, உங்க வீட்டு அண்ணாச்சி ஒண்ணுமே கேக்கலை, மகனுக்கு இந்த மாதிரி வண்டின்னா பிரியம்னு மட்டும் போன புதன்கிழமை போன்ல சொன்னாவ, நாங்களும் மேற்க கெடக்க நாலு ஏக்கர் கரிசல விக்க ஆளு பாத்துட்டோம், வெள்ளிக்கிழமை அட்வான்சு வாங்குதோம்"னு சொன்னாள். போன புதன் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஜெயபாண்டி வீட்டு ஆள் மூன்று மணி நேரம் நம் வாசலில் குழாய்க்குள் கை விட்டு முடித்த மூன்றாம் நாள். தான் பட்டது போதாது என்று உன் அப்பா அதைத் தூக்கி இன்னொரு பெண்ணைப் பெற்றவன் தலையில் வைத்திருக்கிறார், நீ எழுதிய வார்த்தையைப் பத்திரமாக மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அந்த வீட்டில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

கார் வேண்டாம், நிலத்தில் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை, பெண் கொடுக்கிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டால் பயம்தான் வரும் போலிருக்கிறது. சுதாராணி உள்ளே இருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சொல்லுதீங்க அத்தை, அவிய என்ன சொல்லுதாவ"ன்னு கேட்டாள். பெற்று வளர்த்தவள், முப்பது வருஷம் உன்னைப் பார்த்தவள் நான். தெரியவில்லை என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பார்சலில் பருப்புப் பொடி, கடலை மிட்டாய், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வருகிறது, குளிரில் சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் மேல் கோபமும் இருக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா நலனும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும் என்று செண்பகவல்லி அம்மனிடம் தினமும் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டேன். ஒன்றை மறந்துவிடாதே. அட்வான்ஸ் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்குள் நீ சுதாராணியிடம் உன் வாயால் பேசு, அவள் அப்பாவிடமும் பேசு, அப்பாவை இடையில் விடாதே. வியாழக்கிழமை இருட்டும் வரைக்கும் பார்ப்பேன். உன் போன் வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸில் நானே சாத்தூருக்குப் போய், என் பையனுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
இசக்கியம்மாள்